நாட்டைச் சிரிக்க வைத்த சந்திரபாபு

சந்திரபாபு என்ற பெயரைச் சொன்னால் வீட்டில் உள்ள பெரியவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு பெருமூச்சு விடுவார்கள். "ஆள் கெட்டிக்காரன். என்ன செய்வது? குடித்துக் கெட்டான்" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படி இரண்டு வார்த்தையில் முடித்துவிடக்கூடிய வாழ்க்கையா அது? இல்லை என்பது நம் கருத்து.

அவர் தவறு செய்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், முழுத் தவறும் அவருடையது அல்ல. அதில் ஒரு பங்கு படவுலகத்துக்கு உண்டு. இன்னொரு பங்கு, ஆடிப் பாடிச் சிரிக்க வைத்தவரை மேடையை விட்டு இறங்கியதும் மறந்துவிடுகிற நமக்கும் உண்டு.

தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபுவுக்கும் தர்மபுரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் அவர் கதையைக் கேளுங்கள்.

தேசபக்தர் மகன்

1927-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தூத்துக்குடியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அந்தப் பிள்ளை பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் பனிமயதாஸ். தூத்துக்குடியில் புகழ்பெற்ற பனிமய மாதா கோவிலை நினைத்து வைத்த பெயர் அது.

தந்தை ரோட்ரிக்ஸ் சாதாரண மனிதர் அல்ல. தேசபக்தர். "சுதந்திர வீரன்" என்ற பத்திரிகையை நடத்தியவர். வெள்ளைக்காரர் ஆட்சியில் அப்படி ஒரு பெயரில் பத்திரிகை நடத்தினால் சும்மா விடுவார்களா? பத்திரிகை பறிபோனது. அவர் சிறைக்குப் போனார். பிறகு குடும்பத்தோடு இலங்கைக்குப் போகும்படி ஆனது.

ஆகவே, பையன் வளர்ந்ததும் படித்ததும் கொழும்பில். அந்த நகரத்தில் கப்பல் வழியாக மேல்நாட்டு இசைத்தட்டுகள் வந்து இறங்கும். ஆங்கிலப் பாட்டும் மேல்நாட்டு நடனமும் பையன் காதில் விழுந்தன; காலிலும் ஏறின. தாய்மொழித் தமிழ், பள்ளிக்கூடத்து ஆங்கிலம், கோவில் பாட்டு, கப்பலில் வந்த இசை எல்லாம் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தன. பின்னாளில் தமிழ்நாடு கேட்டு வியந்த குரல் இப்படித்தான் உருவாயிற்று.

1943-ம் ஆண்டு குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. வாலிபனாக வளர்ந்துவிட்ட ஜோசப்புக்கு ஒரே ஆசை. சினிமாவில் நடிக்க வேண்டும், பாட வேண்டும். தன் பெயரைச் சந்திரபாபு என்று மாற்றிக்கொண்டார்.

படி ஏறி இறங்கிய காலம்

1947-ம் ஆண்டு "தன அமராவதி" என்ற படத்தில் முதல் வாய்ப்புக் கிடைத்தது. அடுத்து நல்ல காலம்தான் என்று நினைத்தார். வரவில்லை. ஸ்டுடியோ ஸ்டுடியோவாக நடந்தார். வாசற்படிகளில் காத்துக் கிடந்தார்.

ஜெமினி ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ். வாசனை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவர் துடிப்பு. பார்க்க முடியவில்லை. மனம் உடைந்த சந்திரபாபு, அந்த ஸ்டுடியோவிலேயே உயிரை விட முயன்றார். பக்கத்தில் இருந்தவர்கள் காப்பாற்றினார்கள். போலீசார் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

அங்கே நடந்ததைப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையைச் சுட்டுக்கொண்டாராம். கை சுட்டதைத்தான் நீங்கள் பார்க்க முடியும், அந்த எரிச்சலை உணர முடியாது; என் துன்பமும் அப்படித்தான் என்று நீதிபதியிடம் சொன்னாராம்.

அவர் செய்தது சரியா? சரி அல்ல. ஒரு கதவு திறக்காவிட்டால் வேறு கதவு உண்டு. அவர் வாழ்வே அதற்குச் சாட்சி. 1952-ம் ஆண்டில் அதே ஜெமினி நிறுவனத்தின் "மூன்று பிள்ளைகள்" படத்தில் அவருக்கு ஒரு வேடம் கிடைத்தது. அன்று அவர் போயிருந்தால், பின்னால் வந்த பாட்டும் சிரிப்பும் தமிழ்நாட்டுக்குக் கிடைத்திருக்குமா?

மலையில் கேட்கும் குரல்

பாட்டுக்கு வருவோம். அந்த நாளில் நகைச்சுவை நடிகர் பாடினால் கோமாளிப் பாட்டாக இருக்கும். பாடகர் பாடினால் கர்நாடக ராகமாக இருக்கும். சந்திரபாபு இரண்டு வேலியையும் தாண்டினார்.

அவர் பாடும்போது, குரல் திடீரென்று மேலே தாவும். உடனே கீழே குதிக்கும். மறுபடி தாவும். இதற்கு மேல்நாட்டில் "யோடலிங்" என்று பெயர். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா நாடுகளில் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒரு மலைச்சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கூப்பிடும் குரலில் பிறந்த பாட்டு முறை அது. பென்னாகரம், சித்தேரி மலைப்பக்கம் ஆடு மாடு மேய்ப்பவர்கள் எதிர்மலைக்குக் குரல் கொடுப்பதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். கீழ்க்குரலும் மேல்குரலும் மாறி மாறி வந்தால் தொலைவில் இருப்பவனுக்கும் காது கேட்கும்.

அந்த மலைக்குரலைத் தமிழ்ச் சொல்லோடு சேர்த்துத் தமிழ் சினிமாவில் பிரபலமாக்கியவர் சந்திரபாபு. ஒட்டுப்போட்டது தெரியாமல் சேர்த்தார். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

அவர் குரலை மற்ற நடிகர்களும் கேட்டு வாங்கினார்கள். 1954-ம் ஆண்டு ஏவி.எம். எடுத்த "பெண்" படத்தில், வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் வாயசைக்கச் சந்திரபாபு பின்னணி பாடினார். 1959-ம் ஆண்டு "மரகதம்" படத்தில் ஜமுனாராணியோடு அவர் பாடிய குங்குமப்பூப் பாட்டு, அறுபது ஆண்டு கடந்த பிறகும் கலியாண வீட்டு மேடைகளில் ஒலிக்கிறது. அதற்கு இசை அமைத்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

புகழின் உச்சி

1957 முதல் 1964 வரை சந்திரபாபுவுக்குப் பொற்காலம்.

"புதையல்", "நாடோடி மன்னன்", "சபாஷ் மீனா", "சகோதரி", "குமார ராஜா", "அன்னை", "போலீஸ்காரன் மகள்", "ஆண்டவன் கட்டளை" என்று படங்கள் வரிசையாக வந்தன. எம்.ஜி.ஆருடன் நடித்தார். சிவாஜி கணேசனுடன் நடித்தார். யாருடன் நடித்தாலும் ஜனங்கள் அவர் வரும் காட்சிக்குக் காத்திருந்தார்கள்.

விழுவதில் அவர் மன்னர். சாதாரண மனிதன் விழுந்தால் எலும்பு முறியும். அவர் விழுந்தால் கொட்டகை அதிரும். சறுக்குவார், சுழல்வார், மேசையைத் தாண்டுவார். உடம்பு ரப்பரால் ஆனதோ என்று தோன்றும்.

1958-ம் ஆண்டு "சபாஷ் மீனா" படத்தில் இரண்டு வேடம் போட்டார். படித்த பிள்ளை ஒன்று, ரிக்‌ஷாக்காரர் ஒன்று. நடை, பேச்சு, பார்வை எல்லாம் வேறு வேறு. அந்தக் கதையை 1962-ம் ஆண்டு இந்தியில் "தில் தேரா தீவானா" என்று எடுத்தார்கள். அதில் நகைச்சுவை வேடம் போட்ட மெஹ்மூத்துக்குச் சிறந்த துணை நடிகர் என்று பிலிம்பேர் விருது கிடைத்தது. தமிழில் வழி போட்டவருக்குக் கைதட்டல்தான் கிடைத்தது.

1959-ம் ஆண்டு வந்த "சகோதரி" படத்தின் கதை இன்னும் வேடிக்கை. படம் எடுத்து முடித்த பிறகு, ஏதோ குறைகிறது என்று தயாரிப்பாளர்களுக்குப் பட்டது. சந்திரபாபுவைக் கூப்பிட்டார்கள். பால்காரர் வேடத்தில் அவருடைய காட்சிகளைத் தனியாக எடுத்து நடுவில் சேர்த்தார்கள். படம் பிழைத்தது.

டெல்லியில் ராஷ்டிரபதி பவனில் நடந்ததாகப் படவுலகில் பலரும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அப்போது ராஷ்டிரபதி டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். எல்லையில் படைவீரர்களை மகிழ்வித்துவிட்டு வந்த தமிழ்க் கலைஞர்கள் அங்கே பாடினார்கள். சந்திரபாபுவின் பாட்டை அவர் புகழ்ந்தார். உடனே சந்திரபாபு ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்து, மோவாயைத் தடவிக் கொஞ்சினாராம். சுற்றி இருந்தவர்கள் நடுங்கிப் போனார்கள். பெரியவர் சிரித்தார்.

இந்த ஒரு செய்தியில் சந்திரபாபுவின் குணம் முழுவதும் இருக்கிறது. அவருக்குப் பயம் தெரியாது. பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடும் தெரியாது. எல்லாப் பெரியவர்களும் ராதாகிருஷ்ணனைப் போல் சிரிப்பார்களா?

எங்கே சறுக்கினார்?

வாய் முதல் பகை. படவுலகத்தின் பெரிய மனிதர்களைப் பற்றி மனத்தில் பட்டதைப் பட்டவர்த்தனமாகச் சொன்னார். சொன்னது பத்திரிகையிலும் வந்தது. சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவர்கள் மறக்கவில்லை.

நேரம் தவறுவது இரண்டாம் பகை. 1960-ம் ஆண்டு கவிஞர் கண்ணதாசன் அவரைக் கதாநாயகனாகப் போட்டு "கவலை இல்லாத மனிதன்" என்ற படத்தைத் தயாரித்தார். படத்தின் பெயரில்தான் கவலை இல்லை. எடுத்து முடிப்பதற்குள் கவிஞர் பட்ட கவலையை அவரே பின்னாளில் எழுதினார். ஒரு நடிகர் வராவிட்டால் நூறு தொழிலாளிகள் கைகட்டி உட்கார வேண்டும். அதை நியாயம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

மது மூன்றாம் பகை. அதைப் பற்றி விவரிக்க வேண்டியதில்லை. தாய்மார்களுக்குத் தெரியும்.

அவருடைய இல்லறமும் நிலைக்கவில்லை. கலியாணமாகிச் சில நாளிலேயே பிரிவு வந்தது. அதன்பின் தனி மனிதராகவே வாழ்ந்தார். வீட்டில் கேட்பார் இல்லை, தடுப்பார் இல்லை.

ஆனால், அவரை உண்மையில் சாய்த்தது இந்த நான்கும் மட்டும் அல்ல. கணக்குத் தெரியாமல் கையில் எடுத்த சொந்தப் படம்தான்!

எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாக வைத்து "மாடி வீட்டு ஏழை" என்று ஒரு படம் தொடங்கினார். தானே டைரக்டர். கடன் வாங்கிப் பணத்தைப் போட்டார். கொஞ்சம் எடுத்ததும் படம் நின்றுவிட்டது. யார் பக்கம் நியாயம் என்று இன்று தீர்ப்புச் சொல்ல முடியாது. படம் நின்றது, வட்டி நிற்கவில்லை. சென்னை கேசவப்பெருமாள்புரத்தில், கார் நேரே மாடிக்கு ஏறிப் போகும்படி ஆசையோடு கட்டிய வீடு கையை விட்டுப் போனது. "மாடி வீட்டு ஏழை" என்ற பெயர் அவருக்கே பொருந்திவிட்டது.

1966-ம் ஆண்டு "தட்டுங்கள் திறக்கப்படும்" என்ற படத்தில் தானே நடித்து, தானே டைரக்ட் செய்தார். கதவு திறக்கவில்லை. 1969-ம் ஆண்டு "அடிமைப் பெண்" படத்தில் எம்.ஜி.ஆருடன் மறுபடி நடித்தார். பழைய மனக்கசப்பு எப்படி இருந்தாலும் வேடம் கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால், பழைய நாள் திரும்பவில்லை. 1974-ம் ஆண்டு மார்ச்சு மாதம் சந்திரபாபு காலமானார். வயது 46.

நெல்லிக்கனி கொடுத்தவர்

கடைசி நாட்களில் அவரைக் கைவிடாமல் வைத்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. இசை அமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதன். சந்திரபாபுவின் ஆசைப்படி அவர் உடல் விசுவநாதன் வீட்டில் வைக்கப்பட்டே இறுதி யாத்திரை புறப்பட்டது.

முன்னே சுப்பையா நாயுடு என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? அவர் விசுவநாதனின் குரு. முதுமையில் அவரையும் தன் வீட்டில் வைத்துக் காத்தவர் இதே விசுவநாதன்தான். குருவையும் நண்பனையும் ஒரே வீடு தாங்கியது.

இதைக் கேட்கும்போது தர்மபுரிக்காரர்களுக்கு யார் நினைவு வர வேண்டும்? அதியமான்!

தகடூர் என்பது நமது தர்மபுரியின் பழைய பெயர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு மலையில் அரிய நெல்லிக்கனி கிடைத்தது. தின்றவர் நெடுங்காலம் வாழலாம். அரசன் அதைத் தின்னவில்லை. கனியின் பெருமையையும் சொல்லவில்லை. புலவர் ஔவைக்குக் கொடுத்துவிட்டான். பாடுகிறவர் வாழ வேண்டும் என்று நினைத்தான். இந்தக் கதையைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும்.

சந்திரபாபுவுக்கு விசுவநாதன் என்ற ஒரு நண்பர் நெல்லிக்கனி கொடுத்தார். மற்றவர்கள் எங்கே போனார்கள்?

"நாங்கள்தான் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தோமே, இன்னும் என்ன செய்ய வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், டிக்கெட் பணம் யாருக்குப் போகிறது? கொட்டகைக்காரர், வினியோகஸ்தர், தயாரிப்பாளர் என்று பிரிந்த பிறகே நடிகனுக்கு வரும். வேலை செய்த நாளுக்குச் சம்பளம் உண்டு. வேலை இல்லாத நாளுக்கு ஒன்றும் இல்லை. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு இருப்பது போல் சேமநிதியா, பென்ஷனா, என்ன இருந்தது?

எம்.கே. தியாகராஜ பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். 1944-ம் ஆண்டு வெளிவந்த "ஹரிதாஸ்" சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. அந்தப் பாகவதர் 1959-ம் ஆண்டு நலிந்த நிலையில் காலமானார். அவர் குடிகாரர் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே, "குடித்துக் கெட்டான்" என்று சொல்லிவிட்டால் கணக்குத் தீராது.

நம் ஊர்ச் சந்திரபாபுக்கள்

சந்திரபாபு போய்விட்டார். அவருக்கு நாம் இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால், நம் ஊரில் இன்னும் பல சந்திரபாபுக்கள் இருக்கிறார்கள்!

தர்மபுரி மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோவில் திருவிழா என்றால் பாரதக் கூத்து இல்லாமல் நடக்குமா? அந்தக் கூத்தில் விடிய விடியக் கூட்டத்தைத் தூங்க விடாமல் வைத்திருப்பவர் யார்? தருமராஜாவா? துரியோதனனா? இல்லை. கட்டியக்காரன்! பாடுவான், ஆடுவான், குதிப்பான். ராஜாவையே கேலி செய்வான். ஊர்ப் பெரியவரையும் விடமாட்டான். சந்திரபாபு சினிமாவில் செய்த வேலையை, சினிமா வருவதற்கு முன்பே செய்தவன் அவன்.

விடிந்ததும் அந்தக் கட்டியக்காரன் எங்கே போகிறான்? அரிதாரத்தைக் கழுவிவிட்டு கூலி வேலைக்குப் போகிறான். வயதானதும் மகன் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறான். எதிரே போகிறவர்கள், "ஒரு காலத்தில் நல்லாச் சிரிக்க வைப்பாரு" என்று சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள். சந்திரபாபுவுக்குச் சொன்ன அதே வார்த்தை!

ஆகவே, மூன்று பேருக்கு மூன்று வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

கலைஞருக்கு: பேச்சை நம்பாதீர்கள். எத்தனை நாள் வேலை, என்ன சம்பளம், எப்போது கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குடியிருக்கும் வீட்டை அடகு வைத்துக் கலை வளர்க்காதீர்கள். வரும்படி உள்ள நாளில் மனைவி பெயரில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்துகொள்ளுங்கள். நலிந்த முதிய கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாத உதவித்தொகையும் உண்டு. மனு எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளையிடம் கேட்பதில் வெட்கம் இல்லை.

பெற்றோருக்கு: வீட்டில் ஒரு பிள்ளை பாடினால், ஆடினால், "கூத்தாடியாகப் போகிறாயா?" என்று வைய வேண்டாம். தேசபக்தர் ரோட்ரிக்ஸின் மகன் கூத்தாடியாகித்தான் நாடு அறிந்தது. பாடவிடுங்கள், படிக்கவும் வையுங்கள். ராகத்தோடு கணக்கும் தெரியட்டும். கைதட்டல் கேட்ட பிள்ளைக்கு, கைதட்டல் நின்ற பிறகு பேச வீட்டில் ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதராக நீங்கள் இருங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கு: திருவிழாவில் வாணவேடிக்கைக்குக் கணக்குப் பார்ப்பதில்லை, மைக் செட்டுக்குப் பார்ப்பதில்லை. கூத்துக்காரர் கூலியில் மட்டும் பேரம் பேசுகிறோம். பேசிய தொகையை விடிவதற்குள் கொடுங்கள். பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள். திருவிழாக் கணக்கில் மீதம் விழுந்தால், ஆட முடியாமல் உட்கார்ந்துவிட்ட பழைய கலைஞர் வீட்டுக்கு ஒரு பங்கு அனுப்புங்கள். ஊரில் அப்படி ஒருவராவது இருப்பார். விசாரித்துப் பாருங்கள்.

இதற்குச் சட்டம் வேண்டாம். பெரும் பணமும் வேண்டாம். திருவிழாக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

அதியமான் கோட்டையில் ஔவைக்கும் அதியமானுக்கும் கோட்டம் எழுப்பி வைத்திருக்கிறோம். போகிறோம், பார்க்கிறோம், பிள்ளைகளுக்கு நெல்லிக்கனிக் கதை சொல்கிறோம். பிள்ளை திரும்பிப் பார்த்து, "நம்ம ஊர்க் கட்டியக்காரத் தாத்தாவுக்கு நாம என்ன குடுத்தோம்?" என்று கேட்டால், சொல்வதற்கு நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.